அந்தச் சகோதரிக்காக நான் இருந்த உபவாசம்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி பாஸ்டர் ஐயா என்னைப் பலமுறை கேட்டுவிட்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கல்யாணத்தில் மோதிரம் மாற்றும்போது "சம்மதம்" என்பதையே இரண்டாம் தரம் கேட்டுத்தான் சொன்னேனாம். அதனால் எழுதித் தருகிறேன், சபைப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உங்களைப் பற்றியும் அதில் வரும் என்றேன். "வரட்டும்மா, எழுதுங்க" என்றார். அஞ்சாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தேவன் பெரியவர், அவருடைய பலத்தில்தான் இன்றைக்கு நடமாடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் அவரை நான் பேசியிருக்கிற பேச்சைப் படித்துவிட்டு, கிருபையம்மா விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் வீடு சித்தூரில், மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் இருக்கிற ரோட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் கர்த்தருக்குள் போன பிறகு சீசனில் அந்த ஃபேக்டரிகளில் பழம் கழுவவும் கொட்டை எடுக்கவும் போவேன். மகன் சாமுவேலும் அங்கேதான், லாரி எடை போடுகிற இடத்தில் இருக்கிறான். மருமகள் சுகந்தி. எனக்குத் தோழி என்றால் ஒருத்திதான், எலிசா அக்கா. எங்கள் சபையில் பெண்கள் பாயில் உட்காருவோம். கடைசிப் பாயில், சுவரோரம், அவளும் நானும். அவளுக்கு என்னைவிட வயசு கொஞ்சம் கூட, வாய் ரொம்பக் கூட.

மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமான எனக்குத் திரும்பவும் பட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு அதிகம். வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் தனியாகத் துவைத்துக் கொல்லைப்புறம் காயப்போட்டேன். எலிசா அக்காதான் பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, இந்த வயசுல?" என்று கேட்டவள் நேரே சுகந்தியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவள் மேல் கோபம் வந்தது. இப்போது பார்த்தால் என் உயிரைக் காப்பாற்றினவள் அவள்தான். மற்றதைச் செய்தவளும் அவளே. இரண்டும் உண்மை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று. நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போய்க் காட்டுங்கள். சூடு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நான் குடித்தேன்.

சித்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். வயிற்றில் குளிர்ந்த பசை மாதிரி ஒன்றைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்பக்கத் தோல் தடித்திருக்கிறது என்றார்கள். பிறகு மெல்லிய குழாயை உள்ளே விட்டு அந்தத் தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பேர். வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

ரிசல்ட் வாங்கப் போனது சாமுவேல். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"இன்னா சொன்னாங்க நைனா?"

"ஒண்ணும் இல்லம்மா. கர்ப்பப்பை வீக்காயிட்டு இருக்குதாம். எடுத்துடலாம்னு சொல்றாங்க. திருப்பதில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருக்காங்க."

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற? எங்க ஃபேக்டரில பாதிப் பொம்பளைங்க எடுத்துக்கினவங்கதான்."

"ஆமாம்மா" என்றான். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. கையில் கொடுத்திருந்தாலும் எனக்கு அது வெறும் தாள்தான். சுகந்தி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிகிற சமயத்தில் பாஸ்டர் ஐயா அறிவித்தார். நம் சபையில் ஒரு சகோதரிக்குக் கேன்சர் என்று தெரியவந்திருக்கிறது, குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பேரைச் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் காலையிலிருந்து உபவாச ஜெபம் வைப்போம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார். தமிழில் சொல்லிவிட்டுத் தெலுங்கிலும் சொன்னார். இரண்டு பாஷையிலும் எனக்குப் புரிந்தது. இரண்டிலும் புரியவில்லை.

எந்தப் பிள்ளையோ, எத்தனை குழந்தையோ என்று எலிசா அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"யாருக்கா அது?"

"யாரா இருந்தா இன்னாடி. ஜெபம் பண்ணு" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பண்ணினேன். என் ஆயுசில் அப்படி ஜெபம் பண்ணினதில்லை. எனக்கென்று ஆண்டவரிடம் எதையும் கேட்க எனக்குக் கூச்சம். அவருக்கு ஆயிரம் வேலை, நம்முடையதையும் ஏன் கொண்டுபோய் நிறுத்துவது என்று இருப்பேன். அந்தச் சகோதரிக்காகக் கேட்க மட்டும் கூச்சமே இல்லை. வாய்விட்டு அழுதேன். "அவளுக்கு ஆயுசைக் கொடும் ஆண்டவரே, அவ பிள்ளைங்க முகத்தைப் பாரும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கெஞ்சினேன். ஆவியானவர் எனக்குப் பலம் கொடுக்கிறார், ஊமை மாதிரி இருந்தவளைப் பேச வைக்கிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்னைவிடச் சத்தமாக அழுதார்கள். சபைக்கே புது உயிர் வந்து எழுப்புதல் உண்டாகிவிட்டது என்றே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சுகந்தி இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"அத்தே, நீங்க துன்னுட்டு மாத்திர போடணும். ரத்தம் கம்மியா இருக்குதுன்னு சொன்னாங்கல்ல. நீங்க உபவாசம் இருக்க வேணாம்."

"கேன்சர் வந்து ஒருத்தி துடிச்சிக்கினு கீறா. அவளுக்காக ஒரு வேளை இட்லிய வுட முடியாதா? நீயும் விசுவாசிதானே?"

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு ஜெப வாஞ்சை குறைந்துபோயிற்று என்று அதற்கும் சேர்த்து ஜெபம் பண்ணினேன்.

யார் அந்தச் சகோதரி என்று தெரியாமல் என் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு பாயாகப் பார்த்து, ப்ரிசில்லாதான் என்று முடிவு கட்டினேன். சின்ன வயசு, இரண்டு பெண் குழந்தைகள், கொஞ்ச நாளாகவே இளைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தால் கண் கலங்குவாள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நாட்டுக்கோழி முட்டை வாங்கி அவித்துத் தூக்கில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாத்தே இதெல்லாம்?"

"ஒண்ணும் கேக்காத. துன்னு. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் எதையும் தாங்க முடியும்."

"நீங்க துன்னுங்கத்தே. உங்களுக்குத்தான் தெம்பு வேணும்."

"கெழவி எனக்கு இன்னாத்துக்கு? வாயத் தொற."

நானே ஊட்டினேன். அவள் அழுதுகொண்டே தின்றாள். நான் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். வாரா வாரம் முட்டை கொண்டுபோனேன்.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போன நாளும் வந்தது. பெரிய கட்டிடம். போர்டுகள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருந்தன. எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. சாமுவேல் கையைப் பிடித்து அழைத்துப்போன இடத்தில் உட்கார்ந்தேன். அந்த ஹாலில் எத்தனை மொட்டைத் தலைகள்! கிழவிகள், கல்யாணமாகாத பெண்கள், மடியில் ஒரு குழந்தை. சிலர் துண்டு சுற்றியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அங்கே முடி கொடுத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்து யார்தான் காரணம் கேட்பார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "தரிசனம் பாகா ஐயிந்தா அம்மா?" என்று கேட்டேன். தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இங்கா லேதம்மா" என்றாள். இன்னும் இல்லையாம். ரொம்ப நல்ல பெண்.

ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், இருதயத்துக்கு ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர்கள் எல்லாம் சாமுவேலிடம் இங்கிலீஷில் பேசினார்கள். நான் கேட்டால் "சின்ன கட்ட" என்று தெலுங்கில் சொல்லித் தோளைத் தட்டுவார்கள். சின்னக் கட்டியாம். அரசாங்கக் கார்டில் ஆப்பரேஷன் செலவு போய்விடும் என்றார்கள். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் பகலில் எலிசா அக்காவும் ப்ரிசில்லாவும் சித்தூரிலிருந்து வந்தார்கள். ப்ரிசில்லாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஏம்மே, இந்த ஒடம்போட பஸ்ல நின்னுக்கினா வந்த? அக்கா, உனக்காச்சும் புத்தி வேணாம்? இந்தக் கூட்டத்துல இவளை இஸ்துகினு வந்துருக்க!"

"எந்த ஒடம்புத்தே?" என்றாள் ப்ரிசில்லா.

"எங்கிட்ட மறைக்காதம்மே. ஐயா பேரு சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? இரு, இந்தக் கட்டில்ல நீ படு. நான் எறங்கிக்கறேன்."

நான் நிஜமாகவே காலைக் கீழே வைத்துவிட்டேன். எலிசா அக்கா அவள் கையைக் கிள்ளினதைப் பார்த்தேன். ப்ரிசில்லா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள்.

"என்னால முடியலக்கா. நான் இவங்க முட்டைய துன்னுருக்கேன்க்கா." என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் இல்லத்தே. ஒடம்பு போடுதுன்னு நான் ராத்திரில சோறு துன்றதில்ல, அவ்ளோதான். அந்த சிஸ்டர் நீங்கதான்."

முதலில் எனக்கு அர்த்தமே ஆகவில்லை. எந்த சிஸ்டர் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருக்கும்போது விளங்கிவிட்டது. அந்த ஹாலில் பார்த்த துண்டு சுற்றின தலைகளெல்லாம் விளங்கிவிட்டன.

எலிசா அக்காவைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி."

"எப்பத்துலருந்து?"

"மொதல்லருந்து."

அப்படியானால் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் தெரியும். "அவ பிள்ளைங்க முகத்தைப் பாரும்" என்று நான் கெஞ்சினபோது தெரியும். சபை முழுவதற்கும் தெரியும். பாட்டுப் பாடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் எனக்காக ஒப்பாரி வைத்ததை எல்லாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நோயைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை. நான் கூச்சப்படுகிறவள். ஒரு சின்ன விஷயத்துக்கு நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே மறைந்துகொள்வேன். என்னை நடுவில் உட்கார வைத்து என் கண்ணை மட்டும் கட்டிவிட்டிருந்தார்கள்.

சாமுவேல் ஓடி வந்தான். காலைப் பிடித்தான். "நீ பயந்துடுவன்னுதாம்மா. அப்பாவுக்குச் சொன்னதும் அவரு மனசு வுட்டுட்டாருல்ல. அதான் உனக்கு வேணாம்னு எல்லாரையும் பைபிள் மேல கை வெக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன்" என்றான். அவன் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பாட்டை விட்டது நிஜம்தான். நாளைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாமுவேல் போனில் சொல்லி, பாஸ்டர் ஐயா சாயங்காலமே வந்துவிட்டார். ஐயா, இதை நீங்கள் பத்திரிகையில் போடுவீர்களோ என்னவோ, எழுதிவிடுகிறேன். கட்டில் பக்கத்தில் நின்று சொன்னீர்கள்: "அம்மா, நீங்க உங்களுக்காகக் கேக்க மாட்டீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும். அதனாலதான் உங்க வாயாலயே உங்களுக்காக ஜெபிக்க வெச்சார். இது எவ்ளோ பெரிய கிருபை!" அழகாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் எல்லாரும் அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். "ஐயா, அது ஆண்டவர் செஞ்சதா, நீங்க செஞ்சதா?" என்று கேட்டேன். நான் உங்களை அப்படி எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் கையிலிருந்த பைபிளை மூடிவிட்டு, "நாங்க செஞ்சதுதாம்மா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அதே சபைக்கு வருகிறேன்.

ஆனால் ஆண்டவரிடம் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்க முடியவில்லை. நீரும் சேர்ந்துதானே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்களாவது மனுஷர்கள், பைபிள் மேல் கை வைத்துவிட்டார்கள். நீர் யாருக்கு வாக்குக் கொடுத்தீர்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு உம்மிடம் அழுதேனே, மகளே அது நீதான் என்று ஒரு வார்த்தை, ஒரு சொப்பனம், ஒன்றும் இல்லையா? இப்படி நினைத்தேன். பிறகு நினைப்பதையும் நிறுத்திக்கொண்டேன். அவரோடு பேச்சை விட்டுவிட்டேன்.

காலையில் டாக்டரம்மா வந்தார். என் மருமகள் வயசு இருக்கும். "நாக்கு ஏமாயிந்தி, டாக்டரம்மா? நாக்கே செப்பண்டி" என்றேன். எனக்கு என்ன ஆயிற்று, என்னிடமே சொல்லுங்கள் என்று. சாமுவேலைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாம் சொன்னார். கர்ப்பப்பையின் உள்தோலில் கேன்சர், இதுவரை பார்த்ததில் வெளியே பரவினதாகத் தெரியவில்லை, கர்ப்பப்பையையும் பக்கத்தில் இருக்கிற முட்டைப் பைகளையும் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கதிர் வைத்தியமும் செய்வோம், நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள், எடுக்காவிட்டால் பரவும் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், கேன்சர் என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டபோது எனக்கு மயக்கம் வரவில்லை. மூச்சு விட முடிந்தது. என் மகன் பயந்த அந்தப் பயம் எனக்கு வரவே இல்லை. சரி, செய்யுங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது சாமுவேல் கூடவே ஓடி வந்து, "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்றான். வேண்டாம் என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு, குளிர் எலும்பில் ஏறுகிற இடத்தில், மேலே பெரிய விளக்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "ஆண்டவரே, உம்மோட எனக்குப் பேச்சு இல்ல. ஆனா கூட வாரும்."

அவ்வளவுதான் என் ஜெபம்.

கண் விழித்தபோது வயிற்றில் தீ வைத்தாற்போல் இருந்தது. சிறுநீர் போகக் குழாய், கையில் குளுக்கோஸ். இருமினால் தையல் பிய்ந்துபோகும் போல. சுகந்தி ஒரு தலையணையை மடித்து வயிற்றின் மேல் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். குழாய் எடுத்த பிறகு என்னைக் கக்கூசுக்கு அழைத்துப்போனவளும் அவள்தான். மாமியாரின் உடம்பைத் துடைக்க அவள் முகம் சுளித்ததே இல்லை. "அத்தே, அந்த இட்லிய வெச்சிட்டு உள்ள போயி நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?" என்றாள் ஒரு நாள். "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியலன்னு வேற எனக்காக ஜெபம் பண்ணீங்க." தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். யாரை எப்போது மன்னிப்போம் என்பது நம் கையில் இல்லை.

எலிசா அக்காவை மன்னிக்க வரவில்லை. அவள் தினமும் சித்தூரிலிருந்து பஸ் ஏறித் தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். கஞ்சியைக் குடிப்பேன், அவளிடம் பேச மாட்டேன்.

"திட்டுடி. பேசாம கீறது என்னயக் கொல்லுது."

பேச மாட்டேன்.

"உன் புள்ள பைபிள் மேல கைய வெக்க வெச்சிட்டான். நான் இன்னா பண்றது?"

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். "அந்தக் கைய பைபிள் மேல வெச்ச, சரி. அதே கையாலதானே என் கையப் புடிச்சிக்கினு இருந்த? என் கை நடுங்கினது உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிதுடி. அதுக்குத்தான் வுடாமப் புடிச்சிக்கினேன்."

தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். மறுநாளும் வந்தாள்.

பிறகு கரண்டு வைத்தார்கள். கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அதற்கும் மருந்துக்குமாக சாமுவேல் தன் வண்டியை விற்றான் என்பதை இந்தத் தடவை அவனே சொல்லிவிட்டான். கரண்டு வைக்கும்போது ஷாக் அடிக்காது, சூடும் தெரியாது. இடுப்பில் மையினால் அடையாளம் போட்டு, மேஜை மேல் படுக்க வைத்து, அசையக் கூடாது என்பார்கள். பின்விளைவு பிறகுதான், வயிற்றுப்போக்கும் அசதியும். பொல்லாதது அந்தக் கதவு. நம்மைப் படுக்க வைத்துவிட்டு நர்ஸ், டாக்டர் எல்லாரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தக் கதிர் அவர்கள் மேல் படக் கூடாதாம். மெஷின் முனகிக்கொண்டே சுற்றும். உள்ளே நான் மட்டும்.

அங்கேதான் திரும்பவும் அவரோடு பேச ஆரம்பித்தேன். முதலில் சண்டைதான் போட்டேன். கேட்க யாரும் இல்லையே, கூச்சமில்லாமல் போட்டேன். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று தினமும் அதே கேள்வி. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை, வந்ததாக எழுதினால் பொய். ஆனால் எல்லாரும் வெளியே போகிற அந்த அறையை விட்டு அவர் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியுமல்லவா, அப்படி. தேவ பலம் என்றால் சத்தமாக ஜெபிப்பது, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குக் கிடைத்தது அசையாமல் படுத்திருக்கிற பலம்.

கரண்டு முடிந்து சில மாதம் கழித்து, சோதனைக்குப் போனோம். வளையம் மாதிரி இருக்கிற மெஷினுக்குள் படுக்க வைத்து மார்பு, வயிறு எல்லாம் படம் எடுத்தார்கள். எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். அப்படியே என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சாமுவேல் எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். நுரையீரலில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. பழைய சளியின் தழும்பாக இருக்கலாம், அந்த நோயாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் படம் எடுத்தால்தான் தெரியும் என்றார். மகனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வெளியே வந்தேன்.

சாமுவேல் பெஞ்சில் உட்கார்ந்து உதடு அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் படுத்திருந்த மாதங்களில் அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

"இன்னா சொன்னாங்கம்மா?"

ஒன்றும் இல்லையாம் நைனா என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் தேடவில்லை, தாயின் மாரில் பால் கட்டுகிற மாதிரி அது தானாக வந்து நின்றது. சொல்லிவிட்டால் இன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவான். மூன்று மாதம்தானே, வெறும் தழும்பாகவே இருந்துவிட்டால் அவன் பயப்பட்டது வீண்தானே. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் எனக்குத் தோன்றிவிட்டது. என் மகனும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பான் என்றும் தோன்றியது. ஆண்டவரே, இப்போ பலம் கொடும் என்றேன். நுரையீரலுக்கு நான் கேட்கவில்லை, என் வாய்க்குக் கேட்டேன்.

"உக்காரு நைனா" என்று பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். தழும்பாக இருக்கலாம் என்பதையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அவ்ளோதானாம்மா? வேற எதையாச்சும் எங்கிட்ட மறைக்கிறியா?"

"மறைக்கல."

"நெசமா?"

"நெசமா. ஆனா உனக்கு நம்பிக்கை வராது. எனக்குத் தெரியும்டா. நீ 'ஒண்ணும் இல்லம்மா'ன்னு எதைச் சொன்னாலும் எனக்கும் இப்டித்தான் கீது. கரண்டு போன வீட்ல ஃப்யூஸு போயிருக்குதுன்னு நீ சொன்னாக்கூட, நெசமாவான்னு தோணுது."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். நான் முதுகைத் தடவவில்லை.

"இந்தச் சந்தேகம் எப்பம்மா போவும்?"

"தெரியலடா. நீ டாக்டரம்மாகிட்ட போயி, நான் சொன்னது சரியான்னு கேட்டுட்டு வா."

"வேணாம்மா. நீ சொன்னா போதும்."

"போதாதுடா. போயி கேளு."

போனான். கதவு மூடிற்று. உள்ளே ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னதேதாம்மா சொன்னாங்க" என்றான். முகம் முன்னைவிட வெளுத்திருந்தது. ஆனால் என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னான்.

அடுத்த படம் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.